அங்கோரில் மூன்று நாள்: எந்த நேரத்தில் எந்தக் கல்லைப் பார்ப்பது

கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோர் போகிறவர்கள் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது டிக்கெட் கவுன்ட்டரிலேயே. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். 25 டாலரை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு நாள் சீட்டை எடுத்து, விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, வெயிலில் ஐந்து கோயில் ஏறி இறங்கினால், மதியத்துக்கு மேல் எல்லாக் கோயிலும் ஒரே கோயிலாகத் தெரியும். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொண்டால் காலும் கண்ணும் தாங்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

மூன்று நாள் தேவைப்படுவதற்கு அலுப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கம்போடியா இன்று தேரவாத பௌத்த நாடு. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பௌத்தர்கள். அங்கோரின் கோயில்களோ சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் எழுந்தவை, பிறகு மகாயானம் என்ற இன்னொரு பௌத்தப் பிரிவின் புத்தருக்கு, பிறகு தேரவாத புத்தருக்கு என்று கைமாறியவை. அந்த மாற்றம் கல்லில் அப்படியே இருக்கிறது. சரியான வரிசையில், சரியான வெளிச்சத்தில் பார்த்தால் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் ஏதாவது ஒன்றில் விமானம் மாறி, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப் போவதே வழக்கம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது; ஒரு மணி நேரமாவது ஆகும். பழைய நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்ததால், பழைய பயணக் குறிப்புகளை நம்பி அன்று மாலையே கோயில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். இந்தியர்களுக்கு இணையவழி விசா கிடைக்கிறது. அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் நிறைய உண்டு. பாங்காக்கிலிருந்து பேருந்தில் எல்லை தாண்டுவது ஒரு காலத்தில் மலிவான வழி. 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு நிலவழி எல்லைகள் மூடப்பட்டன. அன்றைய நிலவரம் தெரியாமல் அந்த வழியை நம்பி இறங்க வேண்டாம்.

பணம் அமெரிக்க டாலரிலேயே புழங்குகிறது. ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறையை உள்ளூர் ரியலில் தருவார்கள்; டாலருக்குச் சுமார் 4,000 ரியல். இங்கே பலர் மாட்டிக்கொள்வது நோட்டின் நிலையில்தான். ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல், ஒரு மைக்கறை இருந்தாலும் கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார். ஊரில் டாலர் வாங்கும்போதே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்களாக வாங்கிக்கொள்ளுங்கள். நூறு டாலர் தாளைத் தெருவில் மாற்ற முடியாது.

எப்போது போவது என்பதற்கு நம் வீட்டு நாட்காட்டியே போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும், ஏப்ரல் மோசம். ஏப்ரல் நடுவில் அவர்களுக்கும் புத்தாண்டு, நம் சித்திரை ஒன்றை ஒட்டியே வரும். அந்த மூன்று நாலு நாள் நாடே ஊருக்குப் போகும்; வண்டி, அறை, சமையல்காரர் எதுவும் சுலபத்தில் கிடைக்காது. புரட்டாசி வாக்கில் தேய்பிறை பதினைந்து நாளும் அவர்களுக்கு முன்னோர் காலம். விடியும் முன் விகாரைக்குப் போய்ச் சோற்று உருண்டைகளை இறந்தவர்களுக்கு இடுவார்கள். முடிவில் வரும் பெரிய நாளுக்கு ப்சும் பென் என்று பெயர். நம் மகாளய அமாவாசையும் அதை ஒட்டித்தான் வரும். 'பென்' என்ற சொல்லே 'பிண்டம்' என்பதன் கெமர் வடிவம்; கம்போடியர்களின் இனத்துக்கும் மொழிக்கும் கெமர் என்றே பெயர்.

அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசைக்கும் ஒரு வேலை இருக்கிறது. வளர்பிறையிலும் தேய்பிறையிலும் எட்டாம் நாளும் கடைசி நாளும் அவர்களுக்குப் பௌத்த விரத நாள். அந்த நாட்களில், அங்கோரின் பெரிய கோயிலான அங்கோர் வாட்டின் உச்சித் தளத்தைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். அங்கே போய் நின்று ஏமாறுகிறவர்கள் ஏராளம். கெமர் கணக்கும் நம் திதியும் சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால், அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசைக்கு இரண்டு பக்கமும் ஒரு நாள் தள்ளி அங்கோர் வாட்டை வைத்துக்கொள்வது நல்லது.

உடை விஷயத்தில் சலுகை கிடையாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் உச்சித் தளத்துக்கு விடமாட்டார்கள்; கை வைத்த சட்டையே வேண்டும். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது, எதையும் நேராக அவர்கள் கையில் கொடுக்கவும் கூடாது. புத்தர் முன் காலை நீட்டி உட்கார வேண்டாம்.

சாப்பாடு சைவர்களுக்குக் கொஞ்சம் சிக்கல். கம்போடியச் சமையலில் மீன் சாறும் 'ப்ரஹோக்' என்ற ஊறவைத்த மீன் விழுதும் நம் ஊரில் புளி மாதிரி. கறி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் தவிர்ப்பார்கள். மீன் சாறு விழும். 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறும் ப்ரஹோக்கும் வேண்டாம்' என்று கெமர் எழுத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். விடுதியில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

முன்தினம் மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் டிக்கெட் அலுவலகத்துக்குப் போங்கள். அப்போது மறுநாள் தேதியிட்ட சீட்டு தருவார்கள். அன்று சாயங்காலமே அதை வைத்து உள்ளே போகலாம், நாள் கணக்கில் சேராது. அங்கிருந்து துக்துக்கில் (அந்த ஊர் ஆட்டோ) நேராக ப்ரே ரூப். எல்லாரும் பாக்கெங் குன்றுக்குத்தான் ஓடுவார்கள். குன்றின் மேல் ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி. சூரியன் இறங்கும்போது நீங்கள் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். ப்ரே ரூப் 961-இல் ராஜேந்திரவர்மன் எழுப்பிய சிவன் கோயில். மூன்று அடுக்குப் பீடம், மேலே ஐந்து செங்கல் கோபுரம். மாலை ஏழு வரை திறந்திருக்கும். டிசம்பரில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால் வழியில் எங்கும் நிற்க வேண்டாம்.

முதல் நாள் காலை பந்தே ஸ்ரெய். சியெம் ரீப்பிலிருந்து 37 கிலோமீட்டர். துக்துக்கில் ஒரு மணிக்கு மேல், காரில் முக்கால் மணி. ஆறேகாலுக்குக் கிளம்பினால் திறக்கிற நேரம் ஏழரைக்கு நிற்கலாம். ஒன்பதுக்கு மேல் பேருந்துகள் வந்துவிடும். கிழக்கு பார்த்த கோயில். காலை வெயில் பட்டால்தான் அந்தச் செம்மணற்கல் உயிர்பெறும்.

967-இல் குடமுழுக்கு ஆன இந்தச் சிவன் கோயிலைக் கட்டியது அரசன் அல்ல, யக்ஞவராகன் என்ற அரச குரு. அதனால் அளவு சின்னது, வேலைப்பாடு மரத்தில் கடைந்ததுபோல நுணுக்கம். கருவறை வாசல்கள் நம் இடுப்புக்குச் சற்று மேல்தான் வரும். கைலாயத்தை ராவணன் அசைக்கிறான், மன்மதன் அம்பு தொடுக்கிறான், காண்டவ வனத்தின் மேல் மழை கோடுகோடாக இறங்குகிறது. எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள்.

உட்சுற்றின் கிழக்கு வாயிலில் நுழையுமுன் நின்று மேலே பாருங்கள். முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வற்றித் தொங்கும் மார்பு, எலும்பு தெரியும் உடம்பு. பக்கத்தில் நிற்கும் வழிகாட்டிகள் பலர் அவளைக் கடந்து போய்விடுவார்கள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பேயுரு வேண்டிப் பெற்று, ஆடும் இறைவன் அடிக்கீழ் இருக்கக் கேட்ட அந்தத் தமிழ் அம்மை, பத்தாம் நூற்றாண்டில் கெமர் நாட்டுச் சிற்பிக்குத் தெரிந்தவளாக இருந்திருக்கிறாள். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்; இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்மேடைக்குக் கயிறு கட்டியிருப்பதால் நடுக் கோபுரங்களின் அருகே போக முடியாது.

'அங்கோரைக் கட்டியது தமிழ் மன்னன்' என்று பகிரப்படும் செய்திகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது தவறு. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன். 'வர்மன்' என்ற பட்டத்தைப் பார்த்துப் பல்லவனாகவோ சோழனாகவோ ஆக்குவது அந்த மக்களின் உழைப்பைப் பிடுங்குவது. உண்மையான தொடர்புகளே போதுமான அளவு அழகாக இருக்கின்றன. கெமர் எழுத்து தென்னிந்தியாவின் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது; தேதியிட்ட மிகப் பழைய கெமர் கல்வெட்டு 611-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கம்போஜ அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அதோடு இந்த அம்மையார் இருக்கிறார்.

பதினொன்றுக்குள் ஊர் திரும்பி, சாப்பிட்டுத் தூங்குங்கள். பதினொன்றிலிருந்து இரண்டரை வரை கல் சூடேறிக் கிடக்கும் நேரம். அங்கோரில் மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் அப்போதுதான். மூன்று மணிக்கு ரொலுவோஸ், ஊருக்குக் கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர் வாக்கில். 881-இல் முதலாம் இந்திரவர்மன் நிறுவிய பாகோங் அங்கே இருக்கிறது. மணற்கல்லால் ஆன முதல் பெரிய மலைக்கோயில். பின்னால் வந்த அங்கோர் வாட்டுக்கு இதுதான் மூலப்படி. அதன் மதில் வளாகத்துக்குள்ளேயே இன்று ஒரு பௌத்த விகாரை நடக்கிறது. சாயங்காலம் பிக்குகள் ஓதும் குரல் சிவனுக்கு எழுப்பிய படிகளில் ஏறி வரும். கூட்டமே இருக்காது.

இரண்டாம் நாள் முழுவதும் அங்கோர் வாட், அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம். ஐந்து மணிக்குத் திறக்கிறார்கள். ஜூனில் ஐந்தரை வாக்கிலும் ஜனவரியில் ஆறரை நெருங்கியும் சூரியன் வரும். டார்ச் வேண்டும், கல்பாதையில் மேடு பள்ளம் அதிகம். கோயில் மேற்கு பார்த்தது, நீங்கள் மேற்கிலிருந்து நுழைவீர்கள். அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். எல்லாரும் இடப்பக்கக் குளத்தங்கரையில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நடுக் கோபுர உச்சியிலேயே உட்கார்ந்து எழும்; மற்ற நாட்களில் இடமோ வலமோ விலகும்.

சூரியன் வந்ததும் முக்கால்வாசிக் கூட்டம் காலை உணவுக்குத் திரும்பிவிடும். அப்போதுதான் நீங்கள் உள்ளே போக வேண்டும், அதுவும் நேராகக் கிழக்குப் பிராகாரத்துக்கு. காலை வெயில் அங்கேதான் விழும். அதன் தென்பகுதியில் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையப்படுகிறது. இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. அசுரர்கள் தலைக்கவசத்தோடு, உருண்டைக் கண்ணோடு. தேவர்கள் கூம்புக் கிரீடத்தோடு, வாதுமைக் கண்ணோடு. வாசுகியின் வால்முனையில் குரங்கு உருவம் ஒன்று இழுக்கிறது. அனுமன் என்றே சொல்கிறார்கள். நம் புராணத்தில் அவனுக்கு இங்கே வேலையில்லை.

நடுவில் மத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கீழ்வரிசை மீன்களைப் பாருங்கள். ஓரங்களில் முழு மீன், முழு முதலை. மத்தை நெருங்க நெருங்க அவை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. சுழற்சியின் வேகத்தைக் காட்ட சிற்பி கண்ட வழி அது. நின்று பார்க்காதவர் கண்ணில் படாது. கையால் தொடாதீர்கள். சில இடங்களில் கல் கறுத்துக் கண்ணாடிபோல் மின்னுவது மெருகு இல்லை, தலைமுறை தலைமுறையாக மக்கள் தடவியது.

உச்சித் தளம் ஏழே முக்காலுக்குத் திறக்கும். ஒரே நேரத்தில் நூறு பேர்தான். முதல் ஆளாகப் போனால் காத்திருக்க வேண்டாம், ஒன்பதுக்குப் போனால் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டிவரும். பழைய கல்படிகள் செங்குத்து, அவற்றின் மேல் மரப்படியும் கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவது கடினம், தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது. மேலே நடுக் கருவறையில் ஒரு காலத்தில் விஷ்ணு இருந்தார். பிறகு அதன் நான்கு வாசல்களையும் கல்லால் அடைத்து, அடைப்பின் மேல் நின்ற புத்தரைச் செதுக்கினார்கள். கோபுரத்தை இடிக்கவில்லை, கதவை மட்டும் மூடி வெளியே புத்தரை நிறுத்தினார்கள்.

இறங்கி வரும் வழியில் 'ப்ரே போவான்', ஆயிரம் புத்தர் மண்டபம். பக்தர்கள் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து வைத்த புத்தர்கள் இங்கே நிறைந்திருந்தன. இன்று மிச்சம் கொஞ்சம்தான். தூண் ஒன்றில் 1632-இல் வந்த ஜப்பானியப் பயணி மையால் எழுதிய வரிகள் மங்கலாகத் தெரியும். இதுதான் புத்தர் தங்கிப் போதித்த ஜேதவனம் என்று நம்பி வந்தவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

பத்தரைக்கு வெளியேறி, மூன்று மணிக்குத் திரும்புங்கள். இப்போது வெயில் மேற்கே. மேற்குப் பிராகாரம் ஒளிரும். வடபகுதியில் இலங்கைப் போர், தென்பகுதியில் குருக்ஷேத்திரம்; அதில் அம்புப்படுக்கையில் பீஷ்மர். சுற்றுவது கோயிலை இடக்கைப் பக்கம் வைத்து, அதாவது அப்பிரதட்சிணமாக. சிற்பங்களே அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. குருக்ஷேத்திரம் முடிந்து தெற்கே திரும்பினால் பதினைந்து குடைகளின் கீழ் சூரியவர்மனே படையோடு போகிறான். அதையடுத்து எருமை மேல் யமன், 37 சொர்க்கம், 32 நரகம். ரௌரவம், அவீசி என்று பெயர்களைக் கெமர் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கிழக்கின் வடபகுதியும் வடக்கின் கிழக்குப் பகுதியும் பதினாறாம் நூற்றாண்டில் செதுக்கியவை. வேலைத்திறம் தாழ்ந்துவிட்டது நன்றாகத் தெரியும்; கால் வலித்தால் விட்டுவிடலாம்.

வெளியேறும்போது மேற்குக் கோபுர வாயிலின் தென்பக்க அறையைத் தவறவிடாதீர்கள். எட்டுக் கைகளோடு மஞ்சள் பட்டு உடுத்திய பெரிய சிலை. உருவம் விஷ்ணு, ஊர்க்காரர்கள் 'தா ரீச்' என்று தங்கள் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஊதுவத்தி அணைவதே இல்லை. கல்யாணம் முடித்த கையோடு மணமக்கள் வருவார்கள். அவர்கள் கும்பிடும்போது கேமராவோடு குறுக்கே போகாதீர்கள்.

மூன்றாம் நாள் ஒரே அரசனுக்கு. ஏழாம் ஜெயவர்மன் 1181-இல் பட்டத்துக்கு வந்தவன், மகாயான பௌத்தன். 1177-இல் சம்பா (இன்றைய வியட்நாமின் நடுப்பகுதி) நாட்டவர் தலைநகரைச் சூறையாடியதாகச் சொல்லப்படும் பேரழிவுக்குப் பிறகு நகரைத் திரும்பக் கட்டியவன். ஏழரைக்குத் தா ப்ரோம், 1186-இல் தாய்க்காக எழுப்பியது. மரங்கள் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தப் படங்கள் இங்கே எடுத்தவைதான். மரத்தை வெட்டினால் சுவர் சரியும், விட்டால் வேர் பிளக்கும். இந்தியத் தொல்லியல் துறை இங்கே செய்துவரும் சீரமைப்பின் முழுச் சிரமமும் அதுதான். சுவர்கள் இப்படிச் சரிவதற்குக் கட்டுமான முறையும் ஒரு காரணம். கெமர்கள் உண்மையான வளைவு கட்டவில்லை. கல்லைக் கல்லுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி மேலே சேர்த்தார்கள். அதனால்தான் எல்லாப் பிராகாரமும் குறுகல், ஒரு கல் நழுவினால் வரிசையே விழும். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள்.

அங்கிருந்து அதே அரசன் எழுப்பிய பாயோன். ஏறத்தாழ இருநூறு கல் முகங்கள் நான்கு திசையும் பார்த்துச் சிரிக்கின்றன. முகங்களுக்கு ஓடுவதற்கு முன் கீழே வெளிப் பிராகாரத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். புராணம் இல்லை, ஊர் வாழ்க்கை. சேவல் சண்டை, சந்தையில் மீன் விற்கும் பெண், பேறுகாலம், சட்டியில் கொதிக்கும் சோறு, நீரில் சம்பா நாட்டவரோடு படகுச் சண்டை. எண்ணூறு வருடம் கழித்து வெளியே சாலையோரக் கடையில் அதே அடுப்பும் அதே கூடையும் இருக்கும்.

மதிய ஓய்வுக்குப் பின் ப்ரே கான், 1191-இல் தந்தைக்காக. நீண்ட நடைகூடங்களின் சுவர்களில் மாடங்கள் வரிசையாக வரும், உள்ளே வெறுமை. கிட்டே போய்ப் பாருங்கள், உளித் தழும்பு தெரியும். ஜெயவர்மனுக்குப் பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவம் திரும்பி வந்தபோது புத்தர் உருவங்களைச் செதுக்கி எடுத்தார்கள். சிலவற்றைத் தவம் செய்யும் முனிவராக மாற்றினார்கள். தாடி மட்டும் சேர்த்திருப்பார்கள், மடித்த கால் புத்தருடையதாகவே இருக்கும். மதம் எப்போதும் அமைதியாகவே கைமாறியது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இந்தச் சுவர் முன்னால் நிற்க வேண்டும்.

பாயோனின் நடுக் கருவறையில் இருந்த புத்தருக்கும் அதே கதி. நாகத்தின் மேல் அமர்ந்த 3.6 மீட்டர் உயரச் சிலையை உடைத்துக் கருவறைக்கு அடியில் இருந்த குழியில் போட்டுவிட்டார்கள். 1933-இல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் துண்டுகளை எடுத்துப் பொருத்தினார்கள். அரண்மனைத் திடலிலிருந்து கிழக்கே வெற்றி வாயிலுக்குப் போகும் சாலையில், தென்புறம் சற்று உள்ளே தள்ளி, ப்ராம்பில் லவெங் என்ற திறந்த மேடை. மேலே எளிய கூரை, கீழே அந்தப் புத்தர். துக்துக் ஓட்டுநரிடம் பெயரைச் சொல்லி முன்பே கேட்டுவையுங்கள். சுற்றுப் பாதையில் அவர்களாக நிறுத்த மாட்டார்கள். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினால், மார்பிலும் தோளிலும் ஒட்டுப் போட்ட கோடுகள் தெரியும். முன்னால் ஒரு பாய், ஊதுவத்திச் சாம்பல் நிறைந்த ஒரு பானை. பெரும்பாலும் வெள்ளை உடுத்து மழித்த தலையோடு ஒரு பாட்டி இருப்பார். மூன்று வத்தி கொளுத்திக் கையில் தருவார், வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.